உபதேசியாரைப் பற்றி நான் எழுதிய இரண்டு வரி

அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் வாசல் படியில் உட்கார்ந்து கான்வாஸ் ஷூவில் ஒட்டியிருந்த ஏரிச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண்மணி உள்ளே வந்தார். நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை, ஆஸ்பத்திரி ஆயாக்கள் கட்டுவது. கையில் என் புத்தகம்.

எனக்கு ஒரே குஷி. என் புத்தகத்தை இன்னொருவர் கையில் பார்ப்பது அவ்வளவு சுலபமாக நடக்கிற காரியம் இல்லை. "எஸ்தர், காபி போடு" என்று உள்ளே இருந்த என் மனைவிக்குக் குரல் கொடுத்தேன்.

"காபி வேணாம் சார். இத எழுதுனது நீங்கதானே?"

"நானேதான். உட்காருங்கம்மா."

"உக்கார வரல. முப்பத்தெட்டாம் பக்கத்துல எங்க தாத்தாவப் பத்தி எழுதிக்கீறீங்களே, அத உங்களுக்கு யாரு சொன்னது?"

பக்க எண்ணைச் சொல்லிக் கேள்வி கேட்கும் வாசகரை அன்றுதான் முதல் முறையாகச் சந்தித்தேன். சந்தோஷப்பட முடியவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

பெயர் மரகதம். வீடு பெங்களூர் ஜோகுபாளையத்தில். எங்கள் சபைதான், பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்காருவார். வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. முந்தின நாள் ஆராதனையில்தான் அவர் மகள் ஷீலாவுக்கு முதல் ஓலை வாசித்திருந்தார்கள்.

மூன்று ஞாயிறு

எங்கள் சபை வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நிச்சயமானால் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதை ஆயர் அறிவிப்பார். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள், இருவரும் விவாகம் செய்ய இருக்கிறார்கள், யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்பார். இதற்கு ஓலை என்று பெயர். காகிதத்தில் எழுதி வாசித்தாலும் ஓலைதான்.

கேட்டுவிட்டு ஆயர் நாலைந்து விநாடி நிறுத்துவார். அந்த நாலைந்து விநாடி பெண்ணைப் பெற்றவர்களுக்கு எத்தனை யுகம் என்று, என் மகளுக்கு ஓலை வாசித்த அன்று எனக்கே தெரிந்தது. ஆனால் என் ஐம்பது வருஷ சபை வாழ்க்கையில் யாரும் எழுந்து நின்றதில்லை. இருமக்கூட மாட்டார்கள்.

மரகதத்தின் சிக்கல் இது. மாப்பிள்ளை வீடு தங்கவயல். மாப்பிள்ளையின் அப்பா கிருபாகரன் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர்கள் ஊர்ச் சபையின் செயலாளர். அப்பா, தாத்தா என்று இரண்டு தலைமுறையாக, ஆயருக்குத் துணையாக வேதம் போதிக்கிற உபதேசியார் குடும்பம். அப்படிப்பட்டவர் பெண் வீட்டுச் சபையின் வரலாறு என்று ஒரு புத்தகம் இருப்பதைக் கேள்விப்பட்டு, இரவல் வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறார். எங்கள் சபையிலேயே அப்படிப் படித்தவர் யாரும் கிடையாது.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: "அந்நாளில் இருந்த மாசிலாமணி உபதேசியார் ஊழியத்தை உதறிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். உலக ஆசை யாரைத்தான் விட்டது?"

மாசிலாமணி, மரகதத்தின் அப்பாவுக்கு அப்பா.

"ஊழியத்த உட்டு ஓடிப்போனவரு குடும்பம்னு எங்ககிட்ட ஏன் சொல்லலன்னு கேக்கறாரு சார். மூணாவது ஓலையன்னிக்கு நானே வரேன், அதுக்குள்ள பதில் வேணும்னு சொல்லிட்டாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

"அம்மா, நான் ஆதாரம் இல்லாம எதையும் எழுதறதில்ல. சபை மினிட்ஸ்ல இருக்கு."

"எங்க தாத்தா ஓடிப்போனாருன்னு அதுல எழுதிக்கீதா?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு போனார். எஸ்தர் கொண்டுவந்த காபியை நானே குடித்தேன்.

மொத்தம் மூன்று

இந்த இடத்தில் என் இலக்கியப் பணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுவேன்.

நான் ஒரு தொழிற்சாலையின் கிடங்கில் எழுத்தராக இருந்தவன். கிடங்கில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சீட்டு உண்டு. சீட்டில் இல்லாத சாமான், கண்ணெதிரே கிடந்தாலும் இல்லாத சாமான்தான். முப்பது வருஷம் இப்படி வாழ்ந்தவன் ஓய்வு பெற்றதும் என்ன செய்வான்? வரலாறு எழுத உட்கார்ந்துவிட்டான்.

முதல் புத்தகம் ஒரு ஜெபத் தியானம். தினம் ஒரு பக்கம், பக்கத்தின் கடைசியில் ஒரு நீதி. அதைப் படித்துவிட்டு எங்கள் ஆயர் "நல்லாயிருக்கு, ஆனா எல்லாப் பக்கமும் கடைசியில அடிக்குது சார்" என்றார். நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது, பெங்களூரைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டிய ஏரிகளும் பாறைகளும். சனிக்கிழமைதோறும் டிபன் டப்பாவும் குடையுமாகக் கிளம்பி, நடந்து, எழுதினது. எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எந்த ஆலமரத்தில் திரும்ப வேண்டும், எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம், எல்லாம் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கிளம்பிய ஒரு வாசகர், "நீங்க சொன்ன ஏரியில இப்ப லேஅவுட் போட்டு கல்லு நட்டிருக்காங்க சார், குழந்தைங்கள கூட்டிட்டுப் போயி வெயில்ல நின்னேன்" என்று கோபமாக ஒரு கார்டு போட்டார். ஏரியை மூடினது நானா?

மூன்றாவதுதான் சபை வரலாறு. மூன்றையும் ஸ்ரீராம்புரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் அடித்தேன். கன்னடக் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே இடம் கிடைக்கும்போது என் பக்கங்கள் ஓடும். காவிரிக் கலவரம் நடந்த அந்த வருஷம் தமிழில் இருந்த கடைப்பெயர்ப் பலகையைச் சாக்கு போட்டு மூடிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, அந்த அச்சகக்காரர் என் ஏரிப் புத்தகத்துக்குப் புரூஃப் எடுத்துக் கொடுத்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மினிட்ஸில் இருந்ததும் இல்லாததும்

புதன்கிழமை எங்கள் சபைக் கோயிலுக்குப் போய் அலமாரியைத் திறக்கச் சொல்லி, சபைக் கூட்டக் குறிப்புகள் எழுதிவைத்த அந்தப் பழைய மினிட்ஸ் புத்தகத்தை எடுத்தேன். தாள் அப்பளம்போல் நொறுங்கியது. முதல் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் அந்தப் பெரிய காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன காலத்துப் பதிவுகள்.

"உபதேசியார் மாசிலாமணி இரண்டு மாதமாகச் சபைக்கு வரவில்லை. விசாரித்ததில் ஊரில் இல்லையென்று தெரிகிறது. பெயர் நீக்கப்பட்டு வேறு ஆள் நியமிக்கப்படுகிறார்." அவ்வளவுதான்.

கல்லறை ரெஜிஸ்டரையும் புரட்டினேன். அவர் பெயர் இல்லை. முதலில் எழுதியபோதும் இப்படித்தான் புரட்டினேன், இப்படித்தான் இல்லை. புதைக்கப்படவில்லை, அதனால் சாகவில்லை, அதனால் ஓடிப்போய்விட்டார். கிடங்கு எழுத்தரின் கணக்கு.

இரண்டாம் ஞாயிறும் வந்தது. ஓலை வாசித்தார்கள். ஆயர் நிறுத்திய அந்த நாலைந்து விநாடியும் நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கம் திரும்பவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, மினிட்ஸ்ல போட்டிருந்ததைத்தானே எழுதினேன்னு சொல்றீங்க? உலக ஆசைன்னு அதுல போட்டிருந்துச்சா?"

"அது ஒரு... நடைக்காகச் சேர்த்தது."

"நடைக்காகவா! அந்தப் பொம்பள பொண்ணக் கட்டிக் கொடுக்கணுமா வேணாமா? சபையில பாதிப் பேர் அந்தப் புத்தகத்தத் திறந்துகூடப் பாக்கல. படிச்சவர் ஒருத்தர், அவர் கண்ணுல இது பட்டிருக்கு. போய் அந்தம்மா வாயால என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்களா? பெரிசா எழுத்தாளர்!"

முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவள் இப்படிப் பேசியது இரண்டு தடவைதான். இன்னொன்று வேறு விஷயம், இங்கே வேண்டாம். சாயங்காலமே ஜோகுபாளையம் போனேன்.

மரகதம் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே கேட்டேன். நின்றபடியே சொன்னார்.

"எங்கப்பாவுக்கு அப்போ ஆறு வயசாம். ரெட்டப் பாறையாண்ட ஒரு ஊர்ல காய்ச்சலாம், யாரும் கிட்ட போவ மாட்டேங்கறாங்க, நான் போய்ட்டு ரெண்டு நாள்ல வரேன்னு தாத்தா கிளம்பினாராம். வரல. அந்தக் காய்ச்சல்லயே பாட்டியும் பூட்டாங்க. அப்பா ஆஸ்டல்ல வளந்தாரு. அவ்ளோதான் சார் எங்களுக்குத் தெரியும்."

ரெட்டைப் பாறை. எனக்குத் தெரியாத பாறையா? ஏரிப் புத்தகத்தில் அதற்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

ரெட்டைப் பாறை

செவ்வாய்க்கிழமை மரகதம் லீவு போட்டார். இருவரும் பழைய மெட்ராஸ் ரோட்டில் பஸ் பிடித்தோம். கே.ஆர்.புரம் தாண்டியதும் ஜன்னல் வழியாகக் காற்று கொஞ்சம் குளிர்ந்தது. மரகதம் திடீரென்று சொன்னார்.

"எங்கப்பா கடைசி வரைக்கும் அந்த ஊருக்குப் போகவேயில்ல சார். பக்கத்துலதானே, ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரலாமேன்னு நான் கேட்டிருக்கேன். போயி, அங்க அவரு வேற பொண்டாட்டி புள்ளைங்களோட இருந்தாருன்னு யாராவது சொல்லிட்டா இன்னா பண்றதுன்னாரு. அதான் போகல. நீங்க எழுதினத நான் படிச்சப்போ எனக்கும் அதான் சார் தோணுச்சு. மெய்யாவே இருக்குமோன்னு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாக வாய்விட்டுச் சொல்லப் பயந்த ஒன்றை, நான் அழகுக்காக எழுதி அச்சடித்துச் சபைக்கு விநியோகித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை.

இறங்கி ஏரிக்கரையோடு நடந்தோம். தண்ணீர் பாதிதான் இருந்தது, மீதி கரும்பச்சையாகப் பாசி. ரெட்டைப் பாறைக்குக் கீழே புங்கமரம், மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அதன் தலையில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. ஏரிப் புத்தகத்தில் அதைப் பற்றி நான் எழுதியிருந்தது, "மரத்தடியில் உட்கார வசதியான ஒரு கல் உண்டு." நானே அதில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன்.

பக்கத்து ராகி வயலில் நின்றவர் முனியப்பா. எங்களைப் பார்த்ததும் "யாவூரு சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன், அவர் தமிழுக்குத் தாவினார். அந்தப் பக்கத்து ஊர்களில் அப்படித்தான், எந்த மொழியில் ஆரம்பித்தாலும் எதிராளி இன்னொன்றில் முடிப்பார்.

"இந்தக் கல்லு..."

"உபதேசி கல்லு சார். எங்க தாத்தா வச்சது."

மரகதம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"காய்ச்சல் வந்தப்போ ஊர்ல எல்லாம் கதவ சாத்திக்கினாங்களாம். கண்டோன்மெண்ட்லேர்ந்து ஒரு உபதேசி வந்து வீடு வீடா கஞ்சி ஊத்தினாராம். செத்தவங்களையும் அவரேதான் எடுத்துப் போட்டாராம். எட்டு நாளோ பத்து நாளோ, அப்பால அவரும் படுத்துக்கினாரு. எந்திரிக்கல. எங்க தாத்தா பொழச்சதே அவரு ஊத்தின கஞ்சியில. அதான் கல்லு வச்சாரு. அமாவாசைக்கு அமாவாசை கற்பூரம் கொளுத்துவோம்."

எங்கள் சபை இருப்பதும் கண்டோன்மெண்டில்தான். "அவர் பேர்?"

"கொத்தில்லா சார். பேரு யாருக்கும் தெரியாது. உபதேசின்னுதான் சொல்லுவாங்க. அவரு ஊருக்குச் சொல்லி அனுப்பவும் யாரும் உயிரோட இல்ல அப்போ."

கல்லின் நாலு பக்கமும் தடவிப் பார்த்தேன். ஓர் எழுத்து இல்லை. எண்ணெய்ப் பிசுக்கும் கற்பூரக் கரியும்தான் கையில் ஒட்டின. மரகதம் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் அந்தக் கரியைத் துடைக்க ஆரம்பித்தார். அழவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இங்கதான் இருந்தியா?" என்றார், என்னிடம் இல்லை.

எனக்கு மட்டும் உள்ளே அந்தக் கிடங்குக்காரன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பெயர் இல்லையே, தேதி இல்லையே, இது வேறொரு உபதேசியாக இருந்தால்?

ஆட்சேபனை

மூன்றாம் ஞாயிறு. கிருபாகரன் வந்துவிட்டார். ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு, வெள்ளைச் சட்டை, வேட்டி, மடியில் கை. முதல் நாளே அவரைப் போய்ப் பார்த்துத் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எஸ்தர்தான், "அச்சடிச்சு ஊருக்கெல்லாம் கொடுத்தீங்க, மன்னிப்பு மட்டும் மூலையில நின்னு கேப்பீங்களா?" என்றாள்.

ஆயர் ஓலை வாசித்தார். தங்கவயல் கிருபாகரன் மகன் ஜெயசீலனும் ஜோகுபாளையம் மரகதம் மகள் ஷீலாவும். இது மூன்றாம் முறை. ஆட்சேபனை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்று நிறுத்தினார்.

நான் எழுந்து நின்றேன்.

கோயில் முழுக்க ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். ஷீலா முகத்தைப் பொத்திக்கொண்டாள். கிருபாகரன் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது.

"கல்யாணத்துக்கு இல்ல ஐயா" என்றேன். "என் புத்தகத்துக்கு எனக்கே ஆட்சேபனை இருக்கு."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஆயர் உட்காரச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு "சொல்லுங்க சார்" என்றார்.

"மாசிலாமணி உபதேசியார் ஓடிப்போனார்னு எழுதினேன். அப்படின்னு மினிட்ஸ்ல இல்ல. வரலன்னுதான் இருக்கு. உலக ஆசைங்கிறது நான் என் கையிலேர்ந்து சேர்த்தது. ரெட்டைப் பாறைக்குக் கீழ ஒரு கல் இருக்கு. காய்ச்சல்ல கெடந்த ஊருக்குக் கஞ்சி ஊத்தப் போயி அங்கேயே செத்த ஒரு உபதேசியாருக்கு அந்த ஊர்க்காரங்க வச்சது. இன்னிக்கும் கற்பூரம் ஏத்தறாங்க. கல்லுல பேர் இல்ல. அது அவர்தான்னு என்னால நிரூபிக்க முடியாது. ஓடிப்போனார்னும் நிரூபிக்க முடியாது. தெரியாதுன்னு எழுதியிருக்கணும். எழுதல. அந்தக் குடும்பத்துக்கிட்ட எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆயர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். நாலு அடி பாடிய பிறகுதான் சபைக்குக் குரல் வந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் கிருபாகரன் என்னிடம் வந்தார். "ஓலையில எந்திரிச்சு நின்ன ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். நெஞ்சே நின்னுபோச்சு சார் எனக்கு" என்றார். பிறகு மரகதத்தின் பக்கம் திரும்பி, "சம்பந்தியம்மா, கல்யாணத்துக்கு முந்தி புள்ளைங்கள அந்தக் கல்லாண்ட ஒரு தடவ கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்டார். மரகதம் தலையை மட்டும் ஆட்டினார். "கற்பூரம் மட்டும் வேணாம், மெழுகுவத்தி கொண்டுபோவோம்" என்று சேர்த்துக்கொண்டார் மனிதர். சபைச் செயலாளர் அல்லவா!

கறுப்பு மை

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பிறகு நான் ஒரு கறுப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டு, புத்தகம் வாங்கினவர்கள் வீட்டுக்கெல்லாம் நடந்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் தொடங்கினேன். முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து அந்த இரண்டு வரியையும் அழுத்தி அடித்தேன். பெரும்பாலான வீடுகளில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, நான்தான் முதலில் பிரித்தேன். ஒரு வீட்டில் தையல் மிஷினின் கால் ஆடாமல் இருக்க என் புத்தகம் உதவிக்கொண்டிருந்தது. மிஷினைத் தூக்கச் சொல்லி எடுத்து, அடித்துவிட்டு, திரும்ப வைத்தேன்.

கடைசியாக ஜோகுபாளையம். மரகதம் இந்தத் தடவை நாற்காலி போட்டார், காபி கொடுத்தார். அவர் பிரதியை வாங்கிப் பக்கத்தைப் பிரித்துப் பேனா மூடியைக் கழற்றினேன். சட்டென்று பக்கத்தின்மேல் கையை வைத்து மறைத்தார்.

"அடிக்காதீங்க சார்."

"ஏம்மா? தப்புதானே?"

"அடிச்சுட்டா, கீழ இன்னா இருந்துச்சோன்னு பாக்கறவன் அவனுக்குத் தோணுனதெல்லாம் நெனப்பான். இது அப்படியே இருக்கட்டும். பக்கத்துல எடம் இருக்குது பாருங்க, அதுல எழுதுங்க. இது தப்பு, எனக்குத் தெரியாம எழுதிட்டேன்னு. எழுதி, கீழ உங்க பேரப் போடுங்க."

எழுதினேன். ஓரத்தில் இடம் குறைவு, எழுத்தைப் பொடியாக்க வேண்டியிருந்தது. ரெட்டைப் பாறையையும் முனியப்பா சொன்னதையும் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். மூன்று புத்தகம் போட்டவன் நான். கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

மரகதம் மை காய ஊதினார். ஒரு தடவை வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மத்த வூட்லயெல்லாம்?"

"அடிச்சுட்டேன்மா."

"அப்போ மறுபடியும் போங்க சார். நடக்கறதுக்குன்னே புஸ்தகம் போட்டவருதானே நீங்க."

மறுநாள் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனில் முதல் வீட்டு மணியை அடித்தேன்.